புத்தகம் வெளிவந்த மறுநாள் கண்மூடிய 18 வயது பெண்! வாழும் விதத்தை தானே தேர்ந்து எடுத்த கதை

லோயர்கேம்ப்,

மலையில் இருந்து 4 ராட்சத குழாய்கள் வழியாக தண்ணீர் இறங்கி வருகிறது. பெரியாறு நீர்மின் நிலையத்தில் எந்திரத்தை சுழற்றி, மின்சாரத்தை கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு போகிறது.

அதே மலையில் விடியற்காலையில் ஜீப்புகள் ஏறுகின்றன. கூடலூரில் இருந்தும், கம்பத்தில் இருந்தும் கேரளாவின் ஏலத்தோட்டங்களுக்கு கூலி வேலைக்கு போகும் பெண்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்து இருப்பார்கள். மடியில் தூக்குச்சட்டி. மனதில் வீட்டில் விட்டு வந்த பிள்ளைகள்.

அந்த பிள்ளைகளில் ஒன்றுக்கு தீராத நோய் வந்துவிட்டால்?

"புள்ளைக்கு மட்டும் சொல்லிராதீங்க டாக்டர்" என்பது தான் பெற்றவர்கள் வாயில் இருந்து வரும் முதல் வார்த்தை. அடுத்து பள்ளிக்கூடம் நிற்கும். விளையாட்டு நிற்கும். சேக்காளிகள் வருவது நிற்கும். பிள்ளை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ரோட்டை பார்த்துக்கொண்டு இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் தாயிடம் விசாரிப்பார்கள். பிள்ளையிடம் "உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்க ஆள் இருக்காது.

கேட்டால் என்ன நடக்கும்? அதற்கு பதிலாக வாழ்ந்து காட்டிய ஒரு பெண்ணின் கதை இது. அவள் பெயர் ஆயிஷா சவுத்ரி. டெல்லியை சேர்ந்தவள். 18 வயதில் இறந்துபோனாள். ஆனால், எப்படி வாழ்வது என்பதை அவளே முடிவு செய்தாள்.

பிறக்கும்போதே வந்த நோய்

ஆயிஷா 1996-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி பிறந்தாள். தந்தை நிரேன், தாய் அதிதி. இந்த தம்பதியின் முதல் பெண் குழந்தை, ஒரு வயது கூட நிரம்பாமல் இறந்து இருந்தது. அதே நோய் ஆயிஷாவுக்கும் இருப்பது தெரிந்தது.

நம் ரத்தத்தில் கிருமிகளோடு சண்டை போடும் அணுக்கள் இருக்கின்றன. ஊருக்கு போலீஸ் மாதிரி உடம்புக்கு அவை. இந்த நோய் வந்த குழந்தைக்கு அந்த போலீஸ் படையே கிடையாது. சாதாரண சளி, காய்ச்சல் கூட எமனாக மாறிவிடும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளை தாண்டுவது இல்லை.

இந்த நோயோடு அமெரிக்காவில் 1971-ம் ஆண்டு பிறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனை, கிருமி அண்டாத பிளாஸ்டிக் கூண்டுக்குள் வைத்து வளர்த்தார்கள். "குமிழிக்குள் வாழும் சிறுவன்" என்று உலகப் பத்திரிகைகள் அவனை பற்றி எழுதின. 12 வயது வரை தாயின் கை அவன் தோல் மீது பட்டது கிடையாது. அக்காளின் எலும்பு மஜ்ஜையை அவனுக்கு செலுத்தினார்கள். அது பலிக்கவில்லை. நோய் முற்றியதால் கூண்டை விட்டு வெளியே கொண்டுவந்தார்கள். அப்போது தான் தாய் முதல் முறையாக அவனை தொட்டு முத்தமிட்டாள். 1984-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி இறந்துபோனான்.

சொந்தத்தில் கல்யாணம்

ஆயிஷாவுக்கு வந்தது தாய், தந்தை இருவரிடமும் ஒளிந்து இருந்த ஜீன் குறையால் வந்த நோய். பெற்றவர்களுக்கு எந்த தொந்தரவும் இருக்காது. ஆனால், இரண்டு பேரின் குறையும் ஒரே குழந்தையிடம் சேர்ந்துவிட்டால் நோய் வந்துவிடும். ஒவ்வொரு பிரசவத்திலும் அப்படி சேருவதற்கு 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு.

யாருக்கு வேண்டுமானாலும் இது நேரலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், அக்காள் மகள் என்று முறை பார்த்து முடிக்கும் ஊர்களில் இதை தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு குழந்தையை காரணம் தெரியாமல் பறிகொடுத்தவர்கள், அடுத்த குழந்தைக்கு முன்பு டாக்டரிடம் இதை பற்றி பேசிவிட வேண்டும். இதில் தாயின் ராசியோ, தந்தையின் பாவமோ எதுவும் கிடையாது.

லண்டனில் சிகிச்சை

ஆயிஷாவை பெற்றோர் லண்டனுக்கு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிகிச்சைக்கு பணம் போதாமல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். 6 மாத கைக்குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

குடும்பம் டெல்லிக்கு திரும்பியது. ஆயிஷா வளர்ந்தாள். படம் வரைந்தாள். நாய் வளர்த்தாள். அண்ணனோடு சண்டை போட்டாள். இனி பயம் இல்லை என்று வீடு மூச்சு விட்டது.

அந்த மூச்சிலேயே அடுத்த அடி விழுந்தது.

நுரையீரலில் தழும்பு

2010-ம் ஆண்டு. ஆயிஷாவுக்கு 13 வயது. நுரையீரலில் தழும்பு விழும் நோய் வந்து இருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது உயிரை காப்பாற்றிய அதே சிகிச்சையின் பின்விளைவு அது.

நல்ல நுரையீரல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். இந்த நோய் வந்தால் அது காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி விறைத்துப் போகும். விரியாது. காற்று உள்ளே போகாது. நாளுக்கு நாள் கெடுமே தவிர பழைய நிலைக்கு திரும்பாது.

மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. அப்புறம் நடந்தாலே இரைத்தது. பிறகு ஆக்சிஜன் குழாய் மூக்கில் ஏறியது. வயது பெண்கள் ரிப்பனும் வளையலும் பார்த்து வாங்கும் பருவத்தில், ஆயிஷா சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டியது ஆயிற்று.

மறைக்கவில்லை

இங்கே தான் இந்த குடும்பம் மற்ற குடும்பங்களில் இருந்து வேறுபட்டது. ஆயிஷாவிடம் அவர்கள் நோயை மறைக்கவில்லை. சாவு பற்றிய பேச்சு வந்தால் எழுந்து போகவில்லை. பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னால் "சீ, வாயை கழுவு" என்று அதட்டவில்லை.

உண்மை தெரிந்த பிறகு அவள் முன்னால் இரண்டு வழி இருந்தது. மிச்சம் உள்ள நாள்களை நோயை பற்றியே நினைத்து கழிக்கலாம். அல்லது, அந்த நாள்களில் தனக்கு பிடித்தது என்ன என்று பார்த்து அதை செய்யலாம்.

அவள் இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டாள்.

மேடை ஏறினாள்

2011-ம் ஆண்டு, 15 வயதில், "இங்க்" என்ற பெரிய மாநாட்டில் பேசினாள். விஞ்ஞானிகளும், தொழில் அதிபர்களும், கலைஞர்களும் பேசும் மேடை அது. 2013-ம் ஆண்டு மீண்டும் அதே மாநாட்டில் பேசினாள். அதே ஆண்டு புனேயில் நடந்த "டெட்எக்ஸ்" நிகழ்ச்சியிலும் பேசினாள். மூச்சு வாங்க நின்று, நின்று பேசினாள். கூட்டம் காத்து இருந்து கேட்டது.

புனேயில் அவள் பேசிய பேச்சுக்கு "உயிர் தப்பும் படகில் பாட்டு" என்று பொருள்படும் தலைப்பு வைக்கப்பட்டு இருந்தது. கப்பல் முழுகிவிட்டது. சின்ன படகில் ஏறியாகிவிட்டது. கரை தெரியவில்லை. படகில் உட்கார்ந்து அழுவதும் ஒன்று தான், பாடுவதும் ஒன்று தான். படகு போகிற இடத்துக்கு தான் போகும். பாடினால் போகிற நேரம் நன்றாக போகும். அந்த தலைப்புக்கு அர்த்தம் அவ்வளவு தான்.

"வியாதிக்காரி மற்றவர்களுக்கு தைரியம் சொல்வதா?" என்று யாருக்கும் தோன்றலாம். அவளுக்கு பயம் இல்லாமல் இல்லை. அழுத ராத்திரிகளும் இருந்தன. பயம் ஒரு பக்கம் இருக்க, செய்ய வேண்டியதை செய்துகொண்டே இருந்தாள். அவ்வளவு தான் வித்தியாசம்.

படுக்கையில் ஒரு புத்தகம்

2014-ம் ஆண்டில் உடம்பு மேலும் மோசமானது. ஆயிஷா படுக்கையிலேயே இருக்க வேண்டிய நிலை. மேடைக்கு போக முடியாது. நீளமாக எழுதவும் தெம்பு இல்லை.

முடிந்ததை செய்தாள். மனதில் தோன்றியதை எல்லாம் சின்ன, சின்ன வரிகளாக எழுதி வைத்தாள். சில நாள் சந்தோஷம். சில நாள் கோபம். சில நாள் விரக்தி. எதையும் அவள் பூசி மெழுகவில்லை. பக்கத்தில் கிறுக்கலாக படமும் போட்டாள். அது புத்தகமாக உருவானது. ஆங்கிலத்தில் "மை லிட்டில் எபிபனீஸ்" என்று பெயர். தமிழில் சொன்னால், "எனக்கு பளிச்சென்று புரிந்த சின்ன, சின்ன விஷயங்கள்".

2015-ம் ஆண்டு ஜனவரி மாதம் புத்தகம் வெளிவந்தது. மறுநாள், ஜனவரி 24-ந் தேதி, ஆயிஷா கண்மூடினாள். 19-வது பிறந்த நாளுக்கு இன்னும் 2 மாதம் இருந்தது.

அவள் குடும்பத்தின் கதை பிறகு "தி ஸ்கை ஈஸ் பிங்க்" என்ற இந்தி படமாக வந்தது. ஷோனாலி போஸ் டைரக்ட் செய்த இந்த படம் 2019-ம் ஆண்டு அக்டோபரில் திரையிடப்பட்டது. ஆயிஷாவாக ஜைரா வாசிமும், தாயாக பிரியங்கா சோப்ராவும், தந்தையாக பர்கான் அக்தரும் நடித்தார்கள். "வானம் ரோஜா நிறம்" என்பது படத்தின் பெயருக்கு பொருள். உன் வானத்துக்கு எந்த வர்ணம் அடிப்பது என்பது உன் இஷ்டம் என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம்.

மலைக்கு அங்கிட்டு ஒரு சிறுவன்

"டெல்லிக்காரங்களுக்கு வசதி இருக்கு, செஞ்சாங்க. நமக்கு ஆகுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

லோயர்கேம்பில் மலை ஏறி, குமுளி செக்போஸ்டை தாண்டி போனால் கேரளா. அங்கே கொச்சியில் கிளிண்ட் என்று ஒரு பையன் இருந்தான். 1976-ம் ஆண்டு பிறந்தவன். சிறுநீரக நோயால் 1983-ம் ஆண்டு ஏப்ரலில் இறந்தான். 7 வயது கூட முடியவில்லை. அதற்குள் சுமார் 25 ஆயிரம் படம் வரைந்து இருந்தான். கோவில் யானை, தெய்யம் ஆட்டம், காக்கை, குருவி என்று கண்ணில் பட்டது எல்லாம் படம். அவனுக்கு என்று வேறு சொத்து கிடையாது. சாக்பீசும், கிரேயானும் தான். 2017-ம் ஆண்டு அவன் கதையும் மலையாளத்தில் சினிமாவாக வந்தது.

தமிழ்நாட்டிலும் உண்டு. சேலத்தை சேர்ந்த வானவன் மாதேவி, அவர் தங்கை வல்லபி இருவருக்கும் சிறு வயதிலேயே தசைச் சிதைவு நோய் வந்தது. கை, கால் தசை ஒவ்வொன்றாக சக்தி இழக்கும் நோய் இது. இந்த சகோதரிகள் முடங்கி கிடக்கவில்லை. தங்களை போல பாதிக்கப்பட்டவர்களுக்காக "ஆதவ் அறக்கட்டளை" ஆரம்பித்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மற்ற நோயாளிகளுக்கு சிகிச்சையும், ஆறுதலும் கிடைக்க பாடுபட்டார்கள். வானவன் மாதேவி 2017-ம் ஆண்டு ஜனவரியில் காலமானார்.

ஒற்றைக்காலில் ஓட்டம்

கனடாவில் டெர்ரி பாக்ஸ் என்ற மாணவருக்கு 18 வயதில், 1977-ம் ஆண்டு, எலும்பில் புற்றுநோய் வந்தது. வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்து படுக்கைகளில் சின்ன குழந்தைகள் புற்றுநோயால் துடிப்பதை பார்த்தார். ஆராய்ச்சிக்கு பணம் சேர்க்க நாடு முழுவதும் ஓடுவது என்று தீர்மானித்தார்.

1980-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, செயற்கைக்காலை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். 143 நாள். 5 ஆயிரத்து 373 கிலோ மீட்டர். அதற்கு மேல் ஓட முடியவில்லை. புற்றுநோய் நுரையீரலுக்கு பரவி இருந்தது. 1981-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி, 22 வயதில் மறைந்தார். அவர் பெயரில் இன்றும் பல நாடுகளில் ஆண்டுதோறும் ஓட்டம் நடத்தி புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறார்கள்.

எல்லோரும் டெர்ரி பாக்ஸ் மாதிரி ஓட வேண்டியது இல்லை. எல்லோரும் புத்தகம் எழுத வேண்டியதும் இல்லை. ஒரு பையனுக்கு முல்லையாற்றில் கடைசியாக ஒரு முறை குளிக்க ஆசை இருக்கும். ஒரு பெண்ணுக்கு பரீட்சை எழுத ஆசை இருக்கும். இன்னொரு பிள்ளைக்கு அம்மா ஒரு நாளாவது ஏலத்தோட்டத்துக்கு போகாமல் கூடவே இருந்தால் போதும். அதை கேட்டு தெரிந்துகொள்வது தான் பெரியவர்கள் வேலை.

"வேண்டாம்" என்ற சிறுமி

பிள்ளையை கேட்டால், பெரியவர்களுக்கு பிடிக்காத பதிலும் வரலாம். இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது.

ஹன்னா ஜோன்ஸ் என்ற சிறுமிக்கு சிறு வயதிலேயே ரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்துகளால் அது குணமானது. ஆனால், மருந்தின் கடுமையால் இருதயம் கெட்டுவிட்டது. மாற்று இருதயம் தான் வழி என்றார்கள் டாக்டர்கள். 13 வயது ஹன்னா "வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியே கதியாக கிடந்து அலுத்துப்போனவள் அவள். ஆபரேஷனிலேயே உயிர் போகலாம் என்பதும் அவளுக்கு தெரியும். இருக்கிற நாளை வீட்டில் கழிக்கிறேன் என்றாள்.

விவகாரம் கோர்ட்டுக்கு போகும் நிலை ஏற்பட்டது. குழந்தைகள் நல அதிகாரி வந்து அவளிடம் தனியாக பேசினார். அவள் தெளிவாக யோசித்து தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. வற்புறுத்தும் முயற்சி கைவிடப்பட்டது. 2008-ம் ஆண்டு இந்த செய்தி உலகம் முழுவதும் பரபரப்பாக பேசப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த ஆண்டு உடல்நிலை மாறியது. ஹன்னாவும் மனதை மாற்றிக்கொண்டாள். 2009-ம் ஆண்டு ஜூலையில் மாற்று இருதயம் பொருத்தப்பட்டது. பிழைத்து வீடு திரும்பினாள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளையிடம் ஒரு தடவை கேட்டால் போதாது. மறுபடியும், மறுபடியும் கேட்க வேண்டும். "அன்னிக்கு வேண்டாம்னு சொன்னியே" என்று குத்திக்காட்டக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் மைனர். சிகிச்சைக்கு பெற்றோர் தான் கையெழுத்து போட வேண்டும்.

தீராத நோயால் கடைசி கட்டத்தில் இருக்கும்போது எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அனுமதி கொடுத்தது. கவுரவமாக இறப்பதும், வாழும் உரிமையில் அடங்கும் என்று 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் தீர்ப்பு கூறியது. 2023-ம் ஆண்டு ஜனவரியில் அந்த நடைமுறைகள் எளிதாக்கப்பட்டன. இப்போது நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் அதை எழுதி வைக்கலாம். ஆனால், இது புத்தி தெளிவுள்ள, வயது வந்தவர்களுக்கு மட்டும் தான்.

சிறுவர்களுக்கு சட்டத்தில் கையெழுத்து கிடையாது. ஆனால், வீட்டில் வாய் உண்டு. அந்த வாயை கேட்பதற்கு கோர்ட்டு உத்தரவு தேவை இல்லை.

வலி தீர வழி உண்டு

"இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்கு கொண்டு போங்கள்" என்ற வார்த்தை தான் குடும்பங்களை நொறுக்கிவிடுகிறது. நோயை தீர்க்க வழி இல்லாமல் இருக்கலாம். வலியை தீர்க்க வழி உண்டு. மூச்சுத்திணறலையும், குமட்டலையும், தூக்கமின்மையையும் குறைக்க வழி உண்டு. இதற்கு வலி தணிப்பு சிகிச்சை என்று பெயர். இதை சாகும் தருவாயில் தான் கொடுக்க வேண்டும் என்பது இல்லை. பெரிய நோய் என்று தெரிந்த நாளில் இருந்தே, மற்ற சிகிச்சையோடு சேர்த்து கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வலி உள்ள பிள்ளைக்கு எதையும் தேர்ந்து எடுக்க முடியாது. வலி அடங்கினால் தான் பாட்டு கேட்கும், பேசும், சிரிக்கும். எனவே, முதலில் வலி.

கடும் வலிக்கு மார்பின் மருந்து நல்ல பலன் கொடுக்கும். அபினில் இருந்து எடுப்பது இது. மத்தியபிரதேசம், ராஜஸ்தான், உத்தரபிரதேசம் மாநிலங்களில் அரசு லைசென்சு பெற்று அபின் செடி பயிர் செய்கிறார்கள். இங்கே இருந்து வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி ஆகிறது. ஆனால், 1985-ம் ஆண்டு வந்த போதைப்பொருள் தடுப்பு சட்டத்தின் கெடுபிடியால், வலியில் துடிக்கும் நம் நோயாளிகளுக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. 2014-ம் ஆண்டு சட்டத்தை திருத்தி கெடுபிடியை தளர்த்தினார்கள்.

டாக்டர் அளவு பார்த்து கொடுக்கும் மார்பினால் பிள்ளை "போதைக்கு அடிமையாகிவிடும்" என்று பயந்து, வலியோடு படுக்க வைப்பது தவறு.

பக்கத்து மாநிலம் காட்டிய வழி

இதில் மலைக்கு அங்கிட்டு இருப்பவர்கள் முந்திக்கொண்டார்கள். 1993-ம் ஆண்டு கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் மற்றும் சில டாக்டர்கள் சேர்ந்து வலி தணிப்பு சங்கம் தொடங்கினார்கள். ஊர் ஊராக தொண்டர்கள் சேர்ந்தார்கள். டீக்கடைக்காரர், பள்ளி மாணவர், ரிட்டயர்டு வாத்தியார் என்று எல்லோரும் நோயாளி வீட்டுக்கு போனார்கள். 2008-ம் ஆண்டு கேரள அரசு இதற்கு என்று தனி கொள்கையே வகுத்தது. டாக்டர் ராஜகோபாலுக்கு 2018-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கொடுக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கப்பட்டது. பிரஷர், சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை வருவது மட்டும் தான் பலருக்கு தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே நர்சு வந்து வலி தணிப்பு சிகிச்சை கொடுப்பதும், பிசியோதெரபி கொடுப்பதும் அதே திட்டத்தில் உண்டு.

லோயர்கேம்ப், கூடலூர், கம்பம் பகுதி மக்கள், பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார நர்சிடமோ "வலி தணிப்பு நர்சு வீட்டுக்கு வருவாங்களா?" என்று வாய்விட்டு கேட்க வேண்டும். பெரிய சிகிச்சைக்கு க.விலக்கில் தேனி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. என்ன செய்வது என்று புரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.

சாமியும் வேண்டும், டாக்டரும் வேண்டும்

வீரபாண்டி கவுமாரியம்மனுக்கு தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொள்ளாத தாய் இந்த பள்ளத்தாக்கில் இல்லை. சித்ரா பவுர்ணமி அன்று பளியன்குடியில் இருந்து மலை ஏறி கண்ணகி கோவிலுக்கு போய் அழுதுவிட்டு வருகிறவர்களும் உண்டு. அழட்டும். வேண்டிக்கொள்ளட்டும். அது மனதுக்கு தெம்பு.

ஆனால், கண்ட கண்ட விளம்பரத்தை நம்பி, தோட்டம், தொரவு, தாலி எல்லாவற்றையும் விற்று, அந்த பிள்ளையை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைவதற்கு முன்பு ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். "எனக்கு வீட்ல இருந்தா போதும்மா" என்று அந்த பிள்ளை சொல்லி இருக்கலாம். யார் காதிலும் விழுந்து இருக்காது.

இன்னொன்று. நோயாளி பிள்ளைக்கு அண்ணன், தங்கை இருப்பார்கள். வீடு முழுவதும் நோயாளியை சுற்றும்போது அந்த பிள்ளைகள் மூலையில் நிற்கும். "நான் திட்டினதால தான் அவனுக்கு நோய் வந்துச்சோ?" என்று கூட உள்ளுக்குள் மருகும். அவர்களையும் மடியில் போட்டு பேச வேண்டும்.

காய்ச்சலிலும் நின்ற அணை

லோயர்கேம்ப் என்ற பெயரே பெரியாறு அணை கட்டியபோது போடப்பட்ட முகாமால் வந்தது. 1887-ம் ஆண்டு தொடங்கி 1895-ம் ஆண்டு வரை வேலை நடந்தது. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனது. மலேரியாவிலும், காலராவிலும் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக செத்தார்கள். என்ஜினீயர் பென்னிகுயிக் விடவில்லை. 2013-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளில் இந்த பகுதி மக்கள் பொங்கல் வைத்து கும்பிடுகிறார்கள்.

அணை கட்ட வந்து காய்ச்சலில் போனவர்கள் எத்தனையோ பேர் இளவட்டங்கள். அவர்கள் கும்பிடுவதற்கு மண்டபம் இல்லை. பெயர் கூட தெரியாது. ஆனால், அவர்கள் சுமந்த கல் இன்னும் அணையில் நிற்கிறது. குழாயில் இறங்கும் தண்ணீரில் அவர்கள் பங்கும் இருக்கிறது.

ஆயிஷா வாழ்ந்தது 18 ஆண்டு 10 மாதம். கிளிண்டுக்கு 7 ஆண்டு கூட கிடைக்கவில்லை. டெர்ரி பாக்சுக்கு 22 ஆண்டு. அவர்கள் யாரும் அந்த கணக்கை கேட்டு வாங்கவில்லை. கிடைத்ததை வைத்து ஒருவன் படம் வரைந்தான். ஒருவர் ஓடினார். ஒருத்தி புத்தகம் எழுதினாள். கூடவே இருந்தவர்கள் "வேண்டாம், படு" என்று சொல்லி தடுக்கவில்லை.

இன்று சாயந்திரம் ஏலத்தோட்ட ஜீப்புகள் மலை இறங்கி வரும். ஏதோ ஒரு வீட்டு ஜன்னலில் ஒரு பிள்ளை ரோட்டை பார்த்துக்கொண்டு இருக்கும். ஜீப்பில் இருந்து இறங்கும் தாய், தூக்குச்சட்டியை கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்ன வேணும் தாயி?" என்று கேட்டால் போதும்.

அதற்கு மருந்து சீட்டு தேவை இல்லை. செலவும் இல்லை.